தொலைநிலைப் படியாக்கமும் மலையக ஆவணப் பேணலும்

ஒரு சேமிப்பகத்திற் பதிந்துள்ள தரவை, அதனின்றும் தொலைவிலுள்ள மற்றொரு சேமிப்பகத்தில், இடையறாதோ குறித்த கால இடைவெளிகளிலோ படியெடுத்து வைத்திருக்கும் முறையைக் கணினித்துறையினர் ‘ரெப்ளிகேஷன்’ என்பர். இக்கட்டுரையில் அது தொலைநிலைப் படியாக்கம் எனப்படும். 1994 இல் ஈ.எம்.சி. நிறுவனம் தனது பெருஞ்சேமிப்பகங்களுக்கென இத்தகைய வசதியை வெளியிட்ட காலத்தில், வங்கிகளும் பெருங்கம்பனிகளுமே அதன் செலவைத் தாங்கத்தக்கனவாயிருந்தன. இன்று அதே பணியைச் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பாடசாலையோ, தொழிற்சங்கக் கிளையோ, சிறு நூல்நிலையமோ இரண்டு சாதாரண கணினிகளைக் கொண்டு இதனை நிறுவிவிடலாம்.

நுட்பம் எளிதாகிவிட்டமையால் அதனைச் சார்ந்த வினாக்கள் எளிதாகிவிடவில்லை. இரண்டாம் படி எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பிந்தியதாக இருக்கலாம், யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பவை அவ்வினாக்கள். சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், மஸ்கெலியாவுக்கு அப்பால் அமைந்த நல்லதண்ணியில் மலையக மக்களின் ஆவணங்களுக்கான ஒரு சேமிப்பகம் நிறுவப்படுவதாகக் கொண்டு, அவ்வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முயல்கிறது. நல்லதண்ணிச் சேமிப்பகம் விளக்கத்தின் பொருட்டுக் கொள்ளப்பட்ட எடுகோள். அதற்கான தேவையோ வரலாற்றினால் நிறுவப்பட்டது.

1. ஒற்றைப் படியின் வரலாறு

மலையகத் தமிழரின் வரலாற்றில் காகிதம் வகித்த பங்கு தனியாக ஆராயத்தக்கது. 1921 இல் ஒழிக்கப்படும்வரை வழக்கிலிருந்த ‘துண்டு’ முறையின்கீழ், கடன் தீர்ந்தமையையோ தீர்க்கப்படும் என்பதையோ குறிக்கும் சீட்டொன்றின்றித் தொழிலாளி ஒரு தோட்டத்தினின்றும் மற்றொரு தோட்டத்துக்குச் செல்லல் அரிதாயிருந்தது. அச்சீட்டை எழுதும் அதிகாரம் தோட்ட நிருவாகத்திடம் இருந்தது. அதாவது, உழைப்பவனைப் பற்றிய தரவு உழைப்பவனிடம் இருக்கவில்லை.

இதே நிலை பிரசாவுரிமைப் பிரச்சினையில் மேலும் கொடிய வடிவம் பெற்றது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் வெளியே நிறுத்தப்பட்டோர், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் (பிரசாவுரிமை) சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க நேர்ந்தது. 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் மணமானவராயின் 7 ஆண்டுகளும், மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வதிந்தமையை அவர்கள் நிறுவ வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பொருட்டு விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். சட்டத்தின் நோக்கமே விலக்குதலாயிருந்தமையின், இந்த விளைவுக்கு ஆவணக் குறைபாட்டை மாத்திரம் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. எனினும் அந்நோக்கம் நிறைவேறுவதற்கு வாய்ப்பான கருவியாக ஆவணக் குறைபாடே அமைந்தது. தொடர்ந்த வதிவைக் காட்டக்கூடிய செக்ரோல் பதிவுகளும் தோட்டப் பதிவேடுகளும் தோட்டக் காரியாலயத்தில், பெரும்பாலும் ஒரேயொரு படியாக, நிருவாகத்தின் பொறுப்பில் இருந்தன.

1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்களாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்பது அதன் ஏற்பாடு. எஞ்சியோர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே நாடற்றோர் நிலை சட்டரீதியாக முடிவை எய்தியது. இதற்கிடையில் தோட்டங்கள் பலமுறை கைமாறின. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் அவை அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்தபோது, வீட்டுப் பெட்டியிலிருந்த பிறப்புச் சான்றிதழ்களும் எரிந்தன.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திற் படியுள்ளவை காலப்போக்கில் மீளப் பெறக்கூடியனவாயின. வேறு படியில்லாத சுவடிகளும் கையெழுத்துக்களும் மீளாதொழிந்தன. அழிவின் பருமனை நெருப்பு மாத்திரம் தீர்மானிப்பதில்லை. நெருப்புக்கு எட்டாத தூரத்தில் மற்றொரு படி இருந்ததா என்பதும் தீர்மானிக்கிறது.

2. படியாக்கம், காப்புப்படி, ஒரு பொறிக்குள் இரட்டிப்பு

படியெடுத்தல் தமிழருக்குப் புதிதன்று. ஓலை நெடுங்காலம் நில்லாது என்பதை அறிந்தோர் அதனைத் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதினர். படிகள் பல இடங்களிற் பரவியிருந்தமையாலேயே சங்க நூல்களைப் பதிப்பிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சாத்தியமாயிற்று. ஓரிடத்து ஏட்டிற் சிதைந்த பகுதியை மற்றோரிடத்து ஏட்டினால் நிரப்பியே உ.வே. சாமிநாதையர் முதலியோர் பதிப்பித்தனர். எல்லா ஏடுகளிலும் சிதைந்த பகுதிக்கு மாற்று இருக்கவில்லை.

கணினிச் சேமிப்பில் மூன்று செயன்முறைகள் ஒன்றோடொன்று மயங்கக் காணப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. முதலாவது, ஒரே பொறிக்குள் இரண்டு தட்டுகளில் ஒரே தரவை எழுதுவது. இது தட்டுப் பழுதடைந்தால் உதவும். பொறி களவுபோனாலோ கட்டடம் இடிந்தாலோ உதவாது. இரண்டாவது, தொலைநிலைப் படியாக்கம். ஓரிடம் முற்றாக அழிந்தாலும் மற்றோரிடத்தில் அண்மைக்கால நிலை கிடைப்பதற்கு இது வழிசெய்கிறது. மூன்றாவது, காப்புப்படி. இது கடந்தகால நிலைகளைத் தனித்தனியே பேணுவது. நேற்றைய, சென்ற மாதத்து, சென்ற ஆண்டு நிலைகளுக்கு மீளும் வசதியை இதுவே தருகிறது.

படியாக்கம் உண்மையுள்ள ஊழியன் போன்றது. முதல் இடத்தில் ஒரு கோவை தவறாக அழிக்கப்படின், இரண்டாம் இடத்திலும் அதனை அவ்வாறே அழித்துவிடும். ஆகவே படியாக்கம் மாத்திரம் உள்ள ஓர் அமைப்பு, தீயினின்றும் வெள்ளத்தினின்றும் காக்கும். மனிதத் தவறினின்றும் வன்மத்தினின்றும் காக்காது.

3. தூரமும் காலமும்

படியாக்கம் இருவகைப்படும். உடனிகழ் படியாக்கத்தில், ஒரு பதிவு இரு சேமிப்பகங்களிலும் எழுதப்பட்ட பின்னரே அது முடிந்ததாகச் செயலிக்கு அறிவிக்கப்படும். பின்னிகழ் படியாக்கத்தில், முதல் இடத்தில் எழுதப்பட்டதும் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும். மாற்றங்கள் பின்னர் திரட்டி அனுப்பப்படும்.

உடனிகழ் முறையின் எல்லையை ஒளியின் வேகம் விதிக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். நல்லதண்ணிக்கும் கொழும்புக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மலைப்பாதையைப் பின்பற்றிச் செல்லும் இழையின் நீளம் 150 கிலோமீற்றர் எனக் கொண்டால், போய்வர 1.5 மில்லிசெக்கன் ஆகும். ஒன்றன் விடை வந்தபின் மற்றொன்றை எழுதும் செயலி, வேறெத் தாமதமும் இல்லாதபோதும், செக்கனுக்கு 660 சொச்சம் பதிவுகளுக்கு மேல் எழுத இயலாது. வங்கியொன்றின் கணக்குப் பொறிக்கு இது இடையூறு. ஆவணங்களை வருடிப் பதியும் பணிக்கு இது பொருட்டன்று.

மலையகத்திற் பிரச்சினை வேகம் அன்று, இணைப்பின் நிலையின்மை. இணைப்பு அறுந்த வேளையில் உடனிகழ் முறை இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். எழுதுவதையே நிறுத்தலாம், அல்லது உடனிகழ்வைக் கைவிட்டுத் தனியே எழுதலாம். மின்வெட்டும் மின்னலும் மண்சரிவும் வழமையான இடத்தில் முன்னையது பணியை முடக்கும். பின்னையது பின்னிகழ் முறையாகவே முடியும். எனவே நல்லதண்ணி போன்ற இடத்துக்குத் தொடக்கத்திலிருந்தே பின்னிகழ் முறையை ஏற்று, அதன் தாமதத்துக்குத் திட்டவட்டமான எல்லை வகுப்பதே தக்கது.

அவ்வெல்லைகள் இரண்டு. விபத்து நேரின் எவ்வளவு நேரத்துப் பணியை இழக்க ஆயத்தமாயிருக்கிறோம் என்பது இழப்பெல்லை. எவ்வளவு நேரத்துக்குள் மீண்டும் இயங்க வேண்டும் என்பது மீட்பெல்லை. மருத்துவமனைக்கு இவை நிமிடங்களில் அமையும். ஆவணக் காப்பகத்துக்கு இழப்பெல்லை ஒரு நாளாகவும் மீட்பெல்லை ஒரு வாரமாகவும் இருப்பின் போதும். வருடப்பட்ட மூலம் கையிலிருக்கும்வரை ஒரு நாளின் பணியை மீளச் செய்யலாம். மூலத்தை உரியவரிடம் அன்றே திருப்பிக் கொடுக்கும் வழக்கமாயின், அத்தரவு இரண்டாம் இடத்தை அடைந்தமை உறுதியான பின்னரே கொடுத்தல் வேண்டும். இழப்பெல்லையைத் தீர்மானிப்பது பொறியின் ஆற்றல் அன்று, பணியின் இயல்பே என்பதற்கு இது சான்று.

4. இடத்தேர்வு

இரண்டாம் இடத்துக்குரிய முதல் இலக்கணம், முதல் இடத்தைத் தாக்கும் காரணம் அதனையும் உடன் தாக்கக்கூடாது என்பது. வசதி கருதிக் கொழும்பைத் தெரிதல் இயல்பு. எனினும் நிலவியல் வேறொன்றைச் சொல்கிறது. நல்லதண்ணிப் பக்கத்து மலைகளிற் பெய்யும் மழை மஸ்கெலியா ஓயாவாகி, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்பி, பின் களனி கங்கையாகக் கொழும்பின் வடபுறத்திற் கடலை அடைகிறது. மேலே மண்சரிவை உண்டாக்கும் அதே மழை கீழே வெள்ளத்தை உண்டாக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகம் மண்சரிவுகளால் அழிவுற்ற அதே நாட்களில் களனியின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. வரைபடத்தில் வெவ்வேறு மாவட்டங்களாகத் தோன்றுவன ஓர் ஆற்றின் இரு முனைகளாயிருக்கின்றன.

மின்சாரமும் அத்தகைய பொதுக் காரணமே. இம்மலைகளின் நீரிலிருந்து பிறக்கும் மின்சாரம் தேசிய வலையமைப்பிற் கலந்துவிடுவதால், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியிற் போன்று நாடு முழுவதும் மின்தடை நேரின் இரண்டு இடங்களும் ஒருங்கே செயலற்றுப்போகும். இது தரவை அழிப்பதன்று. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் பொறி திடீரென நிற்பதால் வரும் சிதைவைத் தடுக்க, இரு முனைகளிலும் மின்கலத் தாங்கி அமைத்தல் வேண்டும்.

களனி வடிநிலத்துக்கு வெளியே, நேர்கோட்டில் 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணம் இரண்டாம் இடமாவதற்கு இயற்கை அளவில் ஏற்றது. மலையும் சமவெளியும் ஒரே மழையில் அழிவது அரிது. ஆயினும் 1981 ஐ மறவாதோர், ஒரு நாட்டின் அரசியற் கொந்தளிப்பு மலையையும் சமவெளியையும் ஒருங்கே தாக்கக்கூடியது என்பதையும் மறத்தலாகாது. எனவே மூன்றாவது படியொன்றை நாட்டுக்கு வெளியே வைப்பது மிகை அன்று. இழையின் நீளம் கூடுவதால் பின்னிகழ் முறைக்குத் தடையேதும் இல்லை.

5. அமைக்கும் முறை

முதற்படி மதிப்பீடு. ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் முழு வண்ணத்தில், சுருக்காது வருடினால் ஏறத்தாழ 26 மெகாபைற்று வரும். 80,000 பக்கங்கள் ஏறத்தாழ 2.1 தெராபைற்று ஆகும். நாளொன்றுக்கு 150 பக்கங்கள் புதிதாகச் சேரின் 3.9 கிகாபைற்று. மேல்நோக்கிச் செக்கனுக்கு 10 மெகாபிற்று செல்லும் இணைப்பில் நாளாந்தச் சேர்க்கையை அனுப்ப 52 நிமிடம் போதும். முதலிலுள்ள 2.1 தெராபைற்றை அனுப்புவதற்கோ இடையறாது 19 நாட்களுக்கு மேல் வேண்டும்.

இதனின்றும் இரண்டாவது படி பெறப்படும். முதற் படியை இணைப்பு வழியே அனுப்ப முயலாது, தட்டொன்றிற் பதிந்து பேருந்திலோ புகைவண்டியிலோ கொண்டுசென்று இரண்டாம் பொறியில் ஏற்றலாம். இரு பொறிகளையும் நல்லதண்ணியிலேயே ஒரே மேசையில் வைத்து இணைத்து, முதற் படி முழுமையான பின்னர் ஒன்றைப் பெயர்த்துச் செல்வது அதனினும் எளிது. பிரயாணத்தின்போது தட்டு களவுபோகலாம் என்பதால் தரவு மறைகுறியிடப்பட்டிருத்தல் அவசியம்.

மூன்றாவது, இரு முனைகளின் இணக்கம். இரண்டாம் சேமிப்பகம் முதலாவதினும் சிறிதாயிருத்தல் கூடாது. பழைய நிலைகளையும் வைத்திருக்க வேண்டியிருப்பதால் சற்றுப் பெரிதாயிருத்தல் நன்று. கோப்பு முறைமையும் மென்பொருட் பதிப்பும் ஒத்திருக்க வேண்டும். இரு கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். அன்றேல் எது முந்தியது, எது பிந்தியது என்னும் தீர்ப்பே பிழைக்கும்.

நான்காவது, இணைப்பின் காவல். பொது இணையத்தின் ஊடாக மறைகுறியிட்ட தனிவழி ஒன்றை அமைத்து, இரு பொறிகளும் ஒன்றையொன்று சாவிகளால் அடையாளங் காணச் செய்தல் வேண்டும். இங்கே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. முதற் பொறி தள்ளுவதிலும், இரண்டாம் பொறி இழுப்பதே சிறந்தது. முதற் பொறிக்கு இரண்டாம் பொறியில் எழுதவும் அழிக்கவும் அதிகாரம் கொடுத்துவிட்டால், முதலாவதைக் கைப்பற்றியவன் இரண்டாவதையும் அழித்துவிடுவான். இரண்டாம் பொறி தானே வந்து வாசித்துச் செல்லுமாயின் அவ்வழி அடைபடும்.

ஐந்தாவது, வேறுபாட்டை மாத்திரம் அனுப்புதல். 1996 இல் வெளிவந்த ‘ஆர்சிங்க்’ என்னும் மென்பொருள், கோப்புகளைத் துண்டுகளாகக் கொண்டு இரு முனைகளிலும் ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மாத்திரம் அனுப்புகிறது. 2005 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ‘இசட்.எஃப்.எஸ்.’ முறைமை வேறு வழியைக் கையாளுகிறது. குறித்த கணத்தில் முழுச் சேமிப்பும் இருந்த நிலையை அது மாறாத கணப்பதிவாக நிறுத்திவைக்கும். இரு கணப்பதிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை அதுவே அறிந்திருப்பதால், மீள ஒப்பிடும் வேலை இல்லை. ஒரு பதிவேட்டின் படமும் அதற்குரிய விவரணமும் தனித்தனியே எழுதப்படும்போது, பாதி எழுதிய நிலை இரண்டாம் இடத்துக்குச் செல்லாமல் காப்பதற்குக் கணப்பதிவு முறை ஏற்றது. இரவு நேரத்தில் அனுப்புமாறும், இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமாறும் அமைத்தல் வேண்டும்.

ஆறாவது, பேணற்காலம். நாளாந்தக் கணப்பதிவுகளை 30 நாளும், மாதாந்தக் கணப்பதிவுகளை 12 மாதமும், ஆண்டுக்குரியவற்றை நிரந்தரமாகவும் வைப்பது ஆவணக் காப்பகத்துக்குப் பொருத்தமான திட்டம். படியாக்கத்தையும் காப்புப்படியையும் ஒருங்கிணைப்பது இதுவே. முதல் இடத்தில் ஒரு கோவை இன்று அழிந்தால் இன்றைய நிலையிலும் அது இராது. ஆனால் நேற்றைய கணப்பதிவில் இருக்கும்.

6. பிழையும் சரிபார்ப்பும்

புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? தொகையும் எண்வரிசையும் பேணப்பட்டமையால் அறிகிறோம். பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் இறுதிப் பத்தும் இல்லை என்பதை நூலின் பெயரே காட்டிவிடுகிறது. பொருள் இழந்தாலும், இழந்தோம் என்னும் அறிவை எண்ணிக்கை காத்துத் தருகிறது. கணினியின் சரிபார்ப்புத் தொகை இதன் வளர்ந்த வடிவம். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தினின்றும் கணிக்கப்படும் அவ்வெண், ஒரு பிற்று மாறினாலும் மாறிவிடும். இரு முனைகளிலும் அதனைக் கணித்து ஒப்பிடுவதால், படி மூலத்தோடு ஒத்ததா என்பதை ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாற் பாராமலே தீர்மானிக்கலாம்.

இரு படிகள் வேறுபடின் எது சரியானது என்னும் வினா எழும். சரிபார்ப்புத் தொகையை முன்னரே எழுதி வைத்திருந்தால் அதுவே நடுவர். இல்லையாயின் மூன்றாம் படி வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1999 இல் தொடங்கிய ‘லாக்ஸ்’ திட்டத்தில், பல நூலகங்கள் தம்மிடமுள்ள படிகளை ஒப்பிட்டு, பெரும்பான்மையோடு ஒவ்வாத படியைத் திருத்திக்கொள்கின்றன. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியரின் தொழிலைப் பொறிகள் தமக்குள் செய்யும் முறை எனலாம்.

இதனோடொத்த மற்றொரு பிழை, இரு தலைமை. இணைப்பு அறுந்த வேளையில் முதற் பொறி அழிந்துவிட்டதெனக் கருதி இரண்டாவதில் எழுதத் தொடங்கினால், முதலாவதும் எழுதிக்கொண்டிருக்குமாயின் இரண்டு வெவ்வேறு உண்மைகள் தோன்றிவிடும். பின் அவற்றை இணைத்தல் பெரும்பாடு. இதனைத் தவிர்க்கப் பெருநிறுவனங்கள் மூன்றாமிடத்தில் ஒரு சாட்சிப் பொறியை வைக்கின்றன. சிறு அமைப்புக்கு ஒரு விதி போதும்: முதற் பொறி நின்றுவிட்டது என்பதை ஒருவர் நேரிற் பார்த்தோ தொலைபேசியிற் கேட்டோ உறுதிசெய்யும்வரை இரண்டாவது வாசிப்புக்கு மாத்திரம் திறந்திருக்கும்.

காப்பு இருப்பதாக நம்பியிருத்தல் காப்பாகாது என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் உள. 2023 ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்க மேகக்கணி கப்பம் கோரும் மென்பொருளினால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலிருந்த காப்புப்படியும் உடன் பூட்டப்பட்டமையாலும், அவ்வாண்டின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்கு இணைப்புக்கு வெளியே படி இன்மையாலும், அக்காலத் தரவு இழக்கப்பட்டது. 2025 செப்தெம்பர் 26 இல் தென்கொரியாவின் தேஜொன் நகரிலுள்ள தேசியத் தகவல் வள நிலையத்தில் மின்கலத் தீ பரவியபோது, அரசு ஊழியரின் 858 தெராபைற்று ஆவணங்கள் அழிந்தன. அச்சேமிப்புக்கு வெளியிடத்துப் படி இருக்கவில்லை. தொழில்நுட்பத்திற் பின்தங்கிய நாடென எவரும் கூறத்துணியாத தென்கொரியாவில் இது நிகழ்ந்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. செல்வமும் திறனும் இரண்டாம் படியைத் தாமாகவே உண்டாக்கிவிடுவதில்லை. அதனை ஒருவர் திட்டமிட்டு அமைக்க வேண்டும். அமைத்தபின் சோதிக்க வேண்டும்.

சோதனை இருவகையாய் அமையும். நாளாந்தக் கண்காணிப்பில், ‘பிழை வரவில்லை’ என்பதை ‘படி வந்தது’ எனக் கொள்ளலாகாது. இரண்டாம் பொறியில் 24 மணி நேரத்துள் புதிய கணப்பதிவு வராவிடின் அதுவே எச்சரிக்கை எழுப்ப வேண்டும். ஆண்டுக்கு இருமுறை நடத்தும் ஒத்திகையில், முதற் பொறி இல்லை எனக் கொண்டு, இரண்டாவதிலிருந்து குறித்த சில பதிவேடுகளைத் திறந்து வாசித்து, பின் முதலாவதுக்குத் திரும்பும் வழியையும் செய்து பார்த்தல் வேண்டும். இவ்வொத்திகையைச் செய்யாத அமைப்பில் இரண்டாம் படி உண்டு என்பது வெறும் நம்பிக்கையே.

7. இரண்டாம் படி யார் கையில்

இதுவரை கூறியன நுட்பத்தின்பாற்பட்டவை. தோட்டக் காரியாலயத்திலிருந்த பதிவேட்டுக்கு அதே காரியாலயத்தின் மற்றோர் அலுமாரியிலும் ஒரு படி இருந்திருந்தால், 1949 இல் விண்ணப்பித்த தொழிலாளிக்கு அதனால் விளைந்த நன்மை யாது? இரு படிகளின் திறவுகோலும் ஒருவர் கையிலிருப்பின், அதிகார நோக்கில் அவை ஒரே படியே. ஆகவே தொலைவு என்பதை நிலத்தின் தொலைவாக மாத்திரம் கொள்ளாது, பொறுப்பின் தொலைவாகவும் கொள்ளுதல் வேண்டும். இரண்டாம் படி வேறொரு நிறுவனத்தின் பொறுப்பிலும், ஆவணத்துக்கு உரிய மக்கள் அணுகத்தக்கதாகவும் இருத்தல் அவசியம்.

இதற்குரிய முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 2005 இல் தன்னார்வலரால் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் வாசிக்கக் கொடுத்துவருகிறது. மலையகத்தின் வெளியீடுகளும் அதில் இடம்பெறுகின்றன. கோ. நடேசய்யர் 1920களில் நடத்திய ‘தேசபக்தன்’ போன்ற பத்திரிகைகளையும், மீனாட்சியம்மையின் சிறு பாட்டு நூல்களையும் எண்ணும்போது, தொழிலாளர் இயக்கத்தின் நினைவு எத்துணை மெல்லிய தாளில் தங்கியிருந்தது என்பது புலனாகும். அச்சிட்டவற்றுக்கேனும் பல படிகள் இருந்தன. பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கும் கடிதங்களுக்கும் சங்கக் கூட்டக் குறிப்புகளுக்கும் அதுவும் இல்லை.

திறந்து வைத்தலிலும் ஓர் எல்லை உண்டு. பதிவேடுகளில் நோய், கடன், சாதி, குடும்ப நிலை ஆகியன பெயரோடு எழுதப்பட்டுள்ளன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இல்லாவிடினும், ஒரு காலத்தில் மக்களைக் கட்டுப்படுத்தப் பயன்பட்ட தரவு அவர்தம் பேரப்பிள்ளைகளை இழிவுபடுத்தப் பயன்படாமற் காப்பது நம் கடன். அத்தகைய பகுதிகளை மறைகுறியிட்டே படியாக்கம் செய்தல் வேண்டும். ஆயின் சாவி தொலைந்த மறைகுறிப் படி, படி அன்று. சாவியை ஒருவரிடம் கொடுப்பதும் இடர். பலரிடம் கொடுப்பதும் இடர். 1979 இல் ஆதி ஷமீர் வகுத்த கணித முறைப்படி, இரகசியமொன்றை ஐந்து பங்காக்கி, எவையேனும் மூன்று பங்குகள் சேர்ந்தால் மாத்திரமே அது வெளிப்படுமாறு செய்யலாம். நல்லதண்ணியில் இருவர், யாழ்ப்பாணத்தில் இருவர், நாட்டுக்கு வெளியே ஒருவர் எனப் பங்குகள் இருப்பின், ஓரிடத்தார் தனித்துத் திறக்கவும் இயலாது. ஓரிடம் அழிந்தால் சாவி அழியவும் மாட்டாது.

முடிவாக, தொலைநிலைப் படியாக்கம் என்பது இரண்டு பொறிகளையும் ஓர் இணைப்பையும் கொண்டு ஒரு வார காலத்தில் நிறுவத்தக்கது. அதற்கு வேண்டிய தீர்மானங்களே கடினமானவை. எத்துணை இழப்பைத் தாங்கலாம் என்பதையும், எந்த ஆற்றுக்கு அப்பால் வைப்பது என்பதையும், யாருக்குச் சாவி கொடுப்பது என்பதையும் பொறி தீர்மானிக்காது. அவற்றைச் சமூகமே கூடித் தீர்மானிக்க வேண்டும். தம் இருப்புக்குச் சான்று கேட்கப்பட்டு, அச்சான்று பிறர் அலுமாரியில் இருந்தமையால் பிரசாவுரிமை இழந்த ஒரு மக்கட்கூட்டத்துக்கு, தம் ஆவணத்தின் இரண்டாம் படியைத் தாமே வைத்திருத்தல் சேமிப்பு நுட்பம் மாத்திரம் அன்று; அது குடியியல் உரிமையின் ஒரு கூறும் ஆகும்.